நீ போன தீவுகளில் குசினி மட்டும்தான் இருந்தது

என் அருமை வசந்தி அக்கா,

நீ இப்போது எங்கே இருந்தாலும் சரி, அடுப்படியில் மட்டும் இல்லாமல் இருந்தால் எனக்குப் போதும். அங்கேயும் யாராவது உன்னிடம் தேத்தண்ணி கேட்டால், காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடு.

இந்தக் கடிதத்தை எழுதி உன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், முக்கியமாக அத்தான் வாசிக்கட்டும். உன்னைக் கட்டிய மனிதரைப் பற்றித்தான் இதில் எழுதியிருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் நானே அனுப்பிவைப்பேன்.

என் கோபம் எங்கே தொடங்கியது தெரியுமா? உன் செத்தவீட்டில். இந்தச் சுவிஸ் நாட்டில் நீங்கள் இருந்த சோலோதுர்ன் ஊர் மண்டபம் நிறையச் சனம். பெட்டிக்குள் நீ மெரூன் சேலையோடு கிடக்கிறாய். அத்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார்.

"அவவுக்குக் கடலெண்டால் உயிர். வருசா வருசம் நான் அவவைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். சார்டீனியா, கோர்சிகா, சிசிலி எண்டு ஒண்டும் விடேல்லை. ஒரு குறையும் வைக்கேல்லை."

சனம் அழுதது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "மனுசியை எப்பிடி வைச்சிருந்திருக்கிறார் பாருங்கோ" என்று மூக்கைச் சிந்தினா. அந்த மைக்கைப் பறித்து இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். உன் மகள் அபி என் கையை இறுக்கிப் பிடித்திருந்ததால் விட்டுவிட்டேன். உனக்கு அவர் பேச்சுக் கேட்டதா அக்கா? கேட்டிருந்தால் சிரித்திருப்பாயா?

ஒரு வருடம் நானும் உங்களோடு சார்டீனியாவுக்கு வந்தேனே. நான் இருக்கும் பாசலில் இருந்து ரயிலில் வந்து உங்கள் வான் வண்டியில் ஏறினால் காலை வைக்க இடமில்லை. பெரிய ரைஸ் குக்கர், இடியப்ப உரல், அரிசி மூட்டை, நீ வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், வெட்டிக் கழுவி உறையவைத்த ஆட்டிறைச்சி ஒரு பெட்டி. விமானத்தில் போனால் இதெல்லாம் கொண்டுபோக ஏலாது என்பதற்காகவே, வானோடு கப்பலேறிப் போகக்கூடிய தீவாகப் பார்த்து அத்தான் தெரிவுசெய்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எடுக்கும் வீட்டுக்கும் ஒரே ஒரு நிபந்தனைதான். குசினி பெரிதாக இருக்க வேண்டும்.

மத்தியதரைக் கடல் தீவில் விடுமுறைக்கு என்ன செய்யலாம் என்று இணையத்தில் தேடிப் பார். நீந்துங்கள், படகெடுத்துப் போங்கள், கடற்குகை பாருங்கள், ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்று வரும். எங்கள் ஆட்கள் கொட்டார்ட் மலைச் சுரங்கப்பாதை வாசலில் மணிக்கணக்காக நெரிசலில் நின்று, ஜெனோவாவில் கப்பலேறி, அவ்வளவு தூரம் போய் ஆட்டுக்கறியும் புட்டும் சாப்பிட்டார்கள். சோலோதுர்னில் இருந்தே அதைச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டுமாம்.

கடல் ஆண்களுக்கு. அந்த வீட்டின் பல்கனி கடலைப் பார்த்து இருந்தது. குசினி யன்னல் வான்கள் நிறுத்தும் இடத்தைப் பார்த்து இருந்தது. காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, பின்னேரம் வடை, இரவுக்குப் புட்டு. வருடம் முழுக்க முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்துவிட்டு, வீட்டிலும் சமைத்துவிட்டு, ஃபேரியன், விடுமுறை என்று சொல்லி உன்னை இன்னொரு குசினிக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு நாள் மாலை மட்டும் ஆண்கள் சமைப்பார்கள். அதாவது நீ முதல் நாளே மசாலா பூசி வைத்த கோழிக்காலை நெருப்பில் திருப்பிப் போடுவார்கள். அதற்கு நாங்கள் கை தட்ட வேண்டும். நீயும் தட்டினாய், உன் கையில் அப்போதும் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

அந்தப் பயணத்தில் ஒரே ஒரு தரம் நீ கடலுக்கு வந்தாய். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். சல்வாரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாய். "ஐயோ நளினி, சூடாயெல்லோ இருக்கு" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாய். பின்னால் பல்கனியில் இருந்து அத்தானின் சத்தம். "வசந்தி, தேத்தண்ணி ஒண்டு போடும்." நீ திரும்பிப் போனாய். உனக்கும் கடலுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

நீ போன பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன் கேள். உன் இடத்தில் அபியை வைத்துவிட்டார்கள். யாரும் கூடி முடிவெடுக்கவில்லை. எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு முடிந்த கையோடு உன் ஏப்ரன் அவள் கழுத்தில் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தால் வந்து சமைத்தாள், மத்தியானத்துக்கு அத்தானுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள், இறுதிப் பரீட்சைக்குக் குசினி மேசையில் இருந்து படித்தாள். பாஸ் பண்ணிவிட்டாள் அக்கா, கெட்டிக்காரி. தூரத்து லோசான் நகரத்தில் கட்டடக்கலை படிக்க இடமும் கிடைத்தது. இதைச் சொல்ல அவள் எனக்குப் போன் எடுத்தபோது குரலில் சந்தோசமே இல்லை.

"நான் போகேல்லை சித்தி. இஞ்ச பக்கத்தில ஏதாவது படிக்கிறன்."

"ஏனடி?"

"அப்பாவுக்கு ஆர் சமைக்கிறது?"

பத்தொன்பது வயதுப் பிள்ளை இதைக் கேட்கிறாள். எனக்கு உன் குரல் மாதிரியே கேட்டது. உன்னைக் கொண்டுபோனார்கள், சரி, அது முடிந்த கதை. இவளையும் அந்தக் குசினிக்குக் கொடுப்பதா? அன்றைக்கே நான் முடிவெடுத்துவிட்டேன், அத்தானைச் சும்மா விடுவதில்லை என்று.

பழிவாங்க எனக்கு வழியை அவரே போட்டுத் தந்தார். உன் முதலாம் வருட ஆட்டைத் திவசம் யூலை விடுமுறையில் வந்தது. ஐயரை வைத்துச் செய்யும் கிரியையைக் கோயிலில் முடித்துக்கொண்டு, உனக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைப்பதை மட்டும் சார்டீனியாவில் வைப்போம் என்றார்.

"அவவுக்கு விருப்பமான கடலடியில படைப்பம். வழக்கமா வாற சனம் எல்லாம் வரும். நீ வந்து சமைச்சுத் தா நளினி. அபிக்கும் பழக்கிவிடு, இனி அவள்தானே."

"ஓம் அத்தான், வாறன்" என்றேன். அவ்வளவு பணிவாக நான் அவரோடு கதைத்ததே இல்லை. அவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உனக்கு நினைவிருக்கும், சாமி காரியம், செத்தவர் காரியம் என்றால் அத்தானுக்குத் துடக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று. மாதவிலக்கு வந்த நாளில் நீ படையலுக்குச் சமைக்கக்கூடாது. சட்டியில் கை பட்டாலும் கொட்டிவிட்டு வேறு சமைக்கச் சொல்வார். அதே நாளில் அவருடைய கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தால் மட்டும் நீ எல்லோருக்கும் சமைக்கலாம், அந்த நேரம் துடக்கு இல்லை. வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நீ றொட்டி சுட்டதை நான் பார்த்திருக்கிறேன். "இப்ப துடக்கு எங்க போட்டுது அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன். "உனக்கு இதெல்லாம் விளங்காது" என்றார். விளங்கியபடியால்தானே கேட்டேன்!

கப்பல் மேல்தட்டில் பெண்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தபோது என் யோசனையைச் சொன்னேன். அத்தானின் கூட்டாளி குகன் அண்ணையின் மனைவி ராஜி அக்கா முதலில் பயந்தா. பிறகு, "வசந்தி இருந்திருந்தால் என்ன சொல்லுவா?" என்று கேட்டா. "வேண்டாமெண்டு சொல்லியிருப்பா" என்றேன். "அப்ப செய்வம்" என்றா.

படையல் நாள் காலை அத்தான் குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசிக்கொண்டு வந்து நின்றார். சந்தையில் வாங்கிய நண்டும் மீனும் குசினி மேசையில் கிடந்தன.

"நளினி, கெதியா அடுப்பை மூட்டு."

"எனக்குச் சுகமில்லை அத்தான்."

அந்தச் சொல்லுக்கு எங்கள் வீடுகளில் என்ன அர்த்தம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவர் முகம் சுருங்கியது.

"அப்ப அபி..."

"எனக்கும் சுகமில்லை அப்பா."

மற்றப் பெண்களைப் பார்த்தார். ஒவ்வொருத்தியும் நிலத்தைப் பார்த்தாள். கடைசியில் ராஜி அக்காவிடம் வந்தார். பேரப்பிள்ளை கண்ட மனுசி, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "என்னெண்டு தெரியேல்லைத் தம்பி, இந்தக் கடல்காத்துப் பட்டவுடன எனக்கும்..." என்று இழுத்தா. குகன் அண்ணைக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. அவருக்கு உண்மை தெரியும். ஆனால் எந்த ஆம்பிளை வாய் திறந்து கேட்பான்?

"பின்ன ஆர் சமைக்கிறது?" என்றார் அத்தான்.

"நீங்கள்தான். உங்கட மனுசிக்கு உங்கட கையால படைச்சால் அவவின்ர ஆத்மா குளிரும்."

நாங்கள் கடலில் குளிக்கத் துவாய்களை எடுத்துக்கொண்டு வெளியே போனோம். குசினியில் வியர்வையோடு நின்ற அவருடைய முதுகை யன்னலால் பார்த்தேன். எனக்கு இனித்தது அக்கா. பொய் சொல்ல மாட்டேன், தேன் மாதிரி இனித்தது.

இனி நீ கேட்க வேண்டியது, தீவில் உண்மையில் என்ன இருக்கிறது என்று. பாறைக்குள் கடல் புகுந்து செய்த ஒரு குகை இருக்கிறது. படகில் போனோம். உள்ளே தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்க, மேலே கல்லு மெழுகாக உருகித் தொங்குகிறது. உங்கள் பல்கனியில் இருந்து கொஞ்ச நேர ஓட்டம்தான். வருடா வருடம் போன அத்தானுக்கே அது அங்கே இருப்பது தெரியாது. ஊருக்குப் பின்னால் உப்பு ஏரியில் சிவப்புக் கொக்குகள் கூட்டமாக மேய்கின்றன. ஆடு மேய்க்கிற ஒருவர் வீட்டு வாசலில் சீஸ் வெட்டித் தந்தார், மேலே தேன் ஊற்றி. அதைச் சாப்பிட்டுவிட்டு ராஜி அக்கா, "இதை ஏன் எங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லை?" என்று கோபப்பட்டா.

பிறகு குளித்தோம். கணுக்கால் அளவு இல்லை, கழுத்தளவு. அபி ராஜி அக்காவை மல்லாக்கப் படுக்கவைத்து மிதக்கப் பழக்கினாள். ராஜி அக்கா காதுக்குள் தண்ணீர் போன பயத்தில் கந்தசஷ்டி கவசம் சொன்னா. பிறகு அதை மறந்துபோய் வானத்தைப் பார்த்தபடி கிடந்தா.

நடுவில் அத்தான் எனக்குப் போன் எடுத்தார். "கத்தரிக்காய்க்குப் புளி எப்ப விடுறது?"

"ஐயோ அத்தான், படையல் விசயம். நான் வாயால சொன்னாலும் துடக்கு" என்று வைத்துவிட்டேன்.

அபி தண்ணீருக்குள் நின்றபடி என்னைப் பார்த்தாள். "அம்மா இவ்வளவு தூரம் ஒருநாளும் வரேல்லை, என்ன சித்தி?"

"இல்லை."

முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக் கேட்டாள். "நான் லோசானுக்குப் போகட்டோ?"

"ஏன் என்னட்டைக் கேக்கிறாய்? நீ இனி ஒருதரிட்டையும் கேக்காத" என்றேன்.

பின்னேரம் நாங்கள் திரும்பி வந்தபோது ஆண்கள் எல்லோரும் ஒரு மாதிரியாக இருந்தார்கள். குகன் அண்ணைக்கு விரலில் கட்டு. அத்தானின் வேட்டியில் மஞ்சள் கறை, கண்ணெல்லாம் சிவப்பு. கடற்கரையில் கூட்டம் குறைந்த பிறகு, ஒரு மூலையில் உன் படத்தை வைத்து, இலை போட்டுப் படைத்தார்கள். காற்றில் விளக்கு நிற்கவில்லை. இலையில் நண்டுக் கறி, பொரித்த மீன், புட்டு, கருகிய கத்தரிக்காய்.

நான் பொறுத்திருந்து, எல்லோரும் கும்பிட்டு முடிந்த பிறகு கேட்டேன். "இதில அக்காவுக்குப் பிடிச்சது எது அத்தான்?"

"நண்டுதானே. நண்டெண்டால் அவவுக்கு..."

"நண்டு உங்களுக்குத்தான் பிடிக்கும் அப்பா." இது அபி. சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "அம்மாவுக்கு நண்டு ஒத்துவராது. தொட்டாலே கையெல்லாம் தடிச்சு அரிக்கும். றப்பர் கையுறை போட்டுத்தான் உங்களுக்கு உடைச்சுக் காய்ச்சினவ. உங்களுக்குத் தெரியாதோ?"

உன்னைக் கட்டி இருபத்தைந்து வருடம் இருந்த மனிதர், உன் படத்துக்கு முன்னால் நஞ்சை வைத்துவிட்டு நின்றார்.

"அப்ப என்ன... அவவுக்கு என்ன பிடிக்கும்?"

"பொம் ஃப்ரித், அந்த உருளைக்கிழங்குப் பொரியல். நான் சின்னனா இருக்கேக்க நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போவா. அங்கத்தையக் கடையில வாங்கி, மர வாங்கில குந்தி இருந்து, விரலை நக்கி நக்கிச் சாப்பிடுவா. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவ. உருளைக்கிழங்குக்காக இல்லையப்பா. ஆராவது செய்து குடுத்தால் அம்மாவுக்கு என்னெண்டாலும் பிடிக்கும்."

அத்தான் அழுதார். மணலில் குந்தியிருந்து, வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மற்றவர்கள் முதுகைத் தடவப் போனார்கள். எனக்கு இரக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன், வரவில்லை. நீ இருந்தால் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்திருப்பாய், எனக்குத் தெரியும். நான் நீ இல்லை.

அபிக்கும் கண் கலங்கியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "அப்பா, நான் செப்டம்பரில லோசானுக்குப் படிக்கப் போறன்."

அவர் தலையை நிமிர்த்தினார். "அப்ப எனக்கு ஆர்..." என்று தொடங்கினார். சுற்றி நின்ற அத்தனை பேரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை.

உன் மகள் போய்விட்டாள் அக்கா. லோசானில் சின்ன அறை. யன்னலால் ஏரி தெரிகிறதாம், கொஞ்சம் எட்டிப் பார்த்தால். போன கிழமை பாசலுக்கு என்னிடம் வந்தாள். சாப்பிட்டவுடன் கோப்பையைக் கழுவ எழும்பினாள், இருக்கச் சொல்லி அதட்டினேன்.

அத்தானின் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. குகன் அண்ணை அவருக்கு ஊரில் பெண் பார்க்கிறார். "தனிய இருக்கிறார், ஒரு துணை வேணும்தானே" என்கிறார்கள். கிளிநொச்சியில் ஒரு ஆசிரியை, நாற்பது கடந்தவள், தாயைப் பார்த்துப் பார்த்தே கலியாணம் கட்டாமல் இருந்துவிட்டாளாம். என் இலக்கத்தை யாரிடமோ வாங்கி முந்தநாள் போன் எடுத்தாள். மாப்பிள்ளையைப் பற்றி முதல் மனைவியின் தங்கையிடம் விசாரிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள் பார், புத்திசாலி. சுகம் கேட்டாள், குளிர் எப்படி என்று கேட்டாள், பிறகு தயங்கினாள்.

"அக்கா, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே?"

"கேளுங்கோ."

"என்னைக் கூப்பிடுறது சமைக்கவோ?"

அந்த ஒரு கணத்தில் எனக்கு என்னென்னவோ வந்துபோனது. உன்னை அவருக்குக் கேட்டு வந்த நாளில் உனக்கும் இந்தக் கேள்வி மனதில் இருந்ததா? இருந்திருந்தால் யாரிடம் கேட்டிருப்பாய்? எங்கள் வீட்டில் யார் உனக்கு உண்மையைச் சொல்லியிருப்பார்கள்?

"ஓம்" என்றேன்.

"நல்லது அக்கா. வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்" என்று சொல்லி, நன்றியும் சொல்லி வைத்துவிட்டாள்.

இனி வேறு பெண்களும் எனக்குப் போன் எடுப்பார்கள். அத்தான் விடமாட்டார், குகன் அண்ணையும் விடமாட்டார். எடுக்கட்டும். வேலையில் இருந்தாலும், கோயிலில் இருந்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும் நான் போனை எடுப்பேன். எத்தனை பெண்கள் கேட்டாலும் அந்த ஒரு சொல்லைச் சொல்லுவேன். அவர் தன் சோற்றைத் தானே அவித்துத் தின்கிற கடைசி நாள் வரைக்கும் சொல்லுவேன். இது உன் மேல் சத்தியம் அக்கா.

உன் பங்குக் கோபத்தையும் சேர்த்து வைத்திருக்கும்,
உன் கூடப்பிறந்த தங்கை
நளினி
பாசல்